அத்தியாயம் 7: ஒயர் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது?

வாடகை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சும் நாளும் குறித்தாகிவிட்டது. போன அத்தியாயத்தில் சொன்ன இபி மீட்டரையும் மெட்ரோ வாட்டரையும் சரிபார்த்துவிட்டீர்கள். இனி வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். பிள்ளைகள், "நெட் எப்பப்பா வரும்?" என்பார்கள். அம்மா, "ராத்திரி சீரியலுக்கு என்ன ஏற்பாடு?" என்பார்.

பலரும் இந்த இடத்தில்தான் போனை எடுத்துக் கம்பெனி வாரியாக பிளான்களை ஒப்பிடத் தொடங்குகிறார்கள். அதில் இரண்டு மணி நேரம் போகும், பலன் அதிகம் இருக்காது. ஒரே வேகத்துக்கு எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்கிறது. கூட ஒட்டவைக்கும் ஓடிடி இலவசங்களும் அப்படித்தான். இந்த ஊரில் நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது தெருக்கம்பத்திலிருந்து உங்கள் வீட்டு ஜன்னல் வரைக்கும் வரும் கடைசி நூறு மீட்டர் ஒயரை. அது அறுந்தால் ஏணியோடு வரப்போகும் ஆளையும் சேர்த்து. ஒரே கம்பெனி கொளத்தூரில் ஒரு தெருவில் ஜம்மென்று ஓடும். நாலு தெரு தள்ளி அதன் பெயரைச் சொன்னாலே ஆட்கள் முகம் சுளிப்பார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

சிங்கப்பூரிலிருந்து கடலுக்கடியில் வரும் கேபிள்கள் கரையேறும் ஊர் இது. 2020இல் அந்தமானுக்கு இணையம் கொண்டுபோன கேபிளும் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. வங்காள விரிகுடாவைத் தாண்டி ஒழுங்காக வந்த நெட், நங்கநல்லூரில் ஒரு வேப்பங்கிளையில் உரசி உரசி நின்றுபோகிறது. இந்த அத்தியாயம் அந்த வேப்பங்கிளையைப் பற்றியது.

தெருவில் யாரைக் கேட்பது

கம்பெனியின் இணையதளத்தில் பின்கோடு போட்டால் 'உங்கள் பகுதியில் சேவை உண்டு' என்று வந்துவிடும். ஒரு பின்கோடுக்குள் எத்தனையோ தெருக்கள். அந்தப் பதிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சாயங்காலம் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

முதலில் இஸ்திரி போடுகிறவர். தெருவில் எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனி ஆள் ஏணியோடு வந்தான், எத்தனை தடவை வந்தான் என்று அவருக்குத் தெரியும். நாள் முழுக்க அங்கேயேதான் நிற்கிறார். அடுத்து அண்ணாச்சி கடை. கடைக்கு நெட் லைன் போட்டிருந்தால் அது நின்ற நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். மூன்றாவது, உங்கள் மாடியிலோ பக்கத்து மாடியிலோ வீட்டிலிருந்து ஐடி வேலை பார்க்கும் யாராவது. அவரிடம், "நெட் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "பரவால்ல" என்பார், அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. "கடைசியா எப்ப கட் ஆச்சு? எத்தனை நாள் கழிச்சு ஆள் வந்தாங்க?" என்று கேளுங்கள். முடிந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் போனில் ஒரு வேக சோதனை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலை பதினொரு மணிக்கு எல்லா லைனும் வேகமாகத்தான் ஓடும்.

இன்னொன்று, கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். இபி கம்பத்திலோ தெருவிளக்குக் கம்பத்திலோ கறுப்பு ஒயர்கள் சுருள் சுருளாகத் தொங்கும். அவற்றின் நடுவே சின்னப் பெட்டிகள், சிலவற்றில் கம்பெனிப் பெயர், சிலவற்றில் வெறும் மார்க்கர் எழுத்து. உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கம்பத்திலேயே ஒரு கம்பெனியின் பெட்டி இருந்தால் அதற்கு முதல் மதிப்பெண் போடுங்கள். மூன்று கம்பம் தள்ளி, நாலு மொட்டை மாடி தாண்டி, துணிக்கொடியோடு கட்டிக் கொண்டுவரும் ஒயருக்கு எந்தக் கம்பெனியும் உத்தரவாதம் தர முடியாது. பக்கத்து வீட்டில் மாடி கட்ட ஆரம்பித்தால் அன்றைக்கே அது போய்விடும்.

டிவி: கேபிளா, டிஷ்ஷா, ஒன்றுமே வேண்டாமா?

கேபிள் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. கட்டணச் சேனல் பார்க்க பாக்ஸ் வாங்கியே ஆகவேண்டும் என்ற முறை 2003 செப்டம்பரிலேயே இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2011இல் அரசு கேபிள் மறுபடி தொடங்கியபோது மாதம் 70 ரூபாய் என்றார்கள். அந்த 70 ரூபாயை இன்றைக்கும் மனதில் வைத்துக்கொண்டு கேபிள்காரரிடம் சண்டை போடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நிலைமை மாறி நாளாகிவிட்டது. 2019 பிப்ரவரியிலிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய முறை. லைனுக்கு ஒரு நெட்வொர்க் கட்டணம், அதன்மேல் நீங்கள் எடுக்கும் கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய் என்று இருந்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. ஆகவே பக்கத்துத் தெருவில் என்ன விலை என்பது உங்கள் தெருவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கேபிள்காரர் வந்ததும், "எல்லா சேனலும் வர்ற மாதிரி ஒரு பேக் போட்டுடறேன் சார்" என்பார். தலையாட்டாதீர்கள். வீட்டில் ஒரு வாரம் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் செய்தபோது மொத்தமே பதினொரு சேனல் தேறியது. அதில் செய்திச் சேனல்கள் நாலு. தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை கட்டணமில்லாதவை. தூர்தர்ஷன் எப்படியும் வந்துவிடும்; முன்பு பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனதும் அதில் சேர்த்தி. மிச்சத்துக்குச் சன் குழுமம், விஜய், ஜீ தமிழ் என்று அந்தந்த நிறுவனத்தின் தமிழ்த் தொகுப்பை மட்டும் எடுத்தால் பில் கணிசமாகக் குறையும். இந்தித் தொகுப்பும் ஆங்கிலப் படச் சேனல்களும் யார் கேட்டு வந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

பாக்ஸ் விஷயத்தில் ஜாக்கிரதை. ஒரு நெட்வொர்க்கின் பாக்ஸ் இன்னொன்றில் வேலை செய்யாது. ஆகவே பாக்ஸுக்குப் பெரிய தொகை கேட்டால், அது விலையா டெபாசிட்டா என்று எழுதி வாங்குங்கள். அரசு கேபிள் பாக்ஸ் அரசு கழகத்துக்குச் சொந்தம். வீடு காலி செய்யும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பரணில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன பாக்ஸ் பரணில் கிடந்தால், நீங்களாக மாட்டிப் பார்க்காமல் கேபிள்காரரிடம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

டிஷ் வைப்பதென்றால் முதலில் வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பாருங்கள். தெற்கோ தென்கிழக்கோ வானம் திறந்திருக்க வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் என்றால் டிஷ் மொட்டை மாடிக்குப் போகவேண்டும், அதற்கு ஹவுஸ் ஓனர் சம்மதம் வேண்டும். டிஷ்ஷுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: தெருவில் எவன் குழி தோண்டினாலும் உங்கள் படம் போகாது. கெடுதல் என்னவென்றால், ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டும்போது, 'வானிலை என்ன?' என்று நீங்கள் பார்க்க விரும்பும் அதே நேரத்தில் 'சிக்னல் இல்லை' என்று வரும்.

ஓடிடி போதும், டிவி லைனே வேண்டாம் என்கிற இளம் தம்பதிகளுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். கிரிக்கெட் நேரலை ஓடிடியில் பல வினாடிகள் பின்தங்கி வரும். பக்கத்து வீட்டுக் கேபிளில் சிக்ஸர் பறந்து தெருவே கத்தி முடித்த பிறகு உங்கள் திரையில் பவுலர் ஓடிவருவார். ஐபிஎல் பைத்தியம் உள்ள வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

நெட்: வேகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

லைன் போட வரும் ஆளிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: "ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருதா, இல்ல மாடியில சுவிட்ச் வச்சு அங்கேர்ந்து லான் ஒயரா வருதா?"

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், வீடுவரை ஃபைபர் வரும் முறையில் கம்பெனியின் மையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் பொதுவாக இருக்காது. கம்பத்தில் இருக்கும் பெட்டி வெறும் கண்ணாடி இழையைப் பிரித்துவிடும் பெட்டி. தெருவில் கரண்ட் போனாலும் அதற்குக் கவலை இல்லை. லான் ஒயர் முறையில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டில் ஃபியூஸ் போனால் உங்களுக்கு நெட் போகும். இடி இடித்தால் அந்தச் சுவிட்ச் போகும். பழைய கேபிள் டிவி லைனிலும் இதே கதைதான். தெருவில் யார் வீட்டிலாவது ஆம்ப் ஒன்றை மாட்டி, அந்த வீட்டுக்காரரிடம் கேபிள் பணம் வாங்காமல் விட்டிருப்பார்கள். அவர்கள் திருப்பதிக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனால் தெருவுக்கே சீரியல் நின்றுவிடும்.

ஃபைபர் என்று உறுதியானதும் இரண்டாவது வேலை. லைன் இழுத்து முடித்ததும் அந்தப் பையனிடம் பவர் மீட்டர் இருக்கும். "தம்பி, ரீடிங் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். மைனஸ் 18, மைனஸ் 22 என்பதுபோல வந்தால் நல்ல லைன். மைனஸ் 27ஐ நெருங்கினால் எங்கோ ஜாயின்ட் சரியில்லை, அல்லது ஒயர் மடங்கியிருக்கிறது. அன்றைக்கு ஓடும், முதல் மழையில் நிற்கும். இந்த ஒரு கேள்வி கேட்டாலே, இவருக்கு விவரம் தெரியும் என்று மறுபடி ஜாயின்ட் போட்டுத் தருவார்கள்.

மூன்றாவது, ரவுட்டர் வைக்கும் இடம். ஒயர் எந்த ஜன்னல் வழியாக வருகிறதோ அங்கேயே செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கத்து ரயில்பெட்டி வீடுகளில் முன்னறையில் ரவுட்டர் இருந்தால் சமையலறை தாண்டிப் பின்னறைக்கு ஒன்றும் எட்டாது. இன்னும் பத்து மீட்டர் ஒயர் இழுத்து நடுவீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் ஒயருக்கு ஒரு சின்னத் தொகை கேட்டால் யோசிக்காமல் கொடுங்கள். பிறகு 'நெட் ஸ்லோ' என்று நீங்கள் சொல்லும் புகார்களில் பாதி உண்மையில் இந்தப் பத்து மீட்டர்ப் புகார்தான்.

இனி வேகம். விளம்பரத்தில் வரும் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. நீங்கள் ஒரு ஃபைலை இறக்கும்போது தெரியும் எம்பி கணக்குக்கு எட்டால் வகுக்க வேண்டும். நொடிக்குப் பன்னிரண்டரை எம்பி. ஏமாற்று ஏதும் இல்லை, கணக்கு அப்படி. ஒரு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தால் போதும், 4கே படத்துக்கு 15 முதல் 25. நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு திரையில் படம், ஒருவர் ஆபீஸ் மீட்டிங், ஒரு பையன் கேம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 100ஐத் தொடுவது சிரமம். 300, 500 என்பதெல்லாம் பெருமைக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். பெரிய ஃபைல்களை நாள்தோறும் அனுப்பி வாங்கும் வீடியோ எடிட்டர்கள் மட்டும் என்னை மன்னிக்கவும். அவர்களும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் கேட்கவேண்டியது அப்லோடு வேகம். இறக்கும் வேகம் 100, ஏற்றும் வேகம் 10 என்று இருக்கிற லைன்கள் இன்னும் உண்டு. மீட்டிங்கில் உங்கள் முகம் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

'அன்லிமிடெட்' என்பதற்கும் வரம்பு உண்டு. மாதம் 3,300 ஜிபி என்று சில பெரிய கம்பெனிகள் வைத்திருக்கின்றன. நாளுக்கு 110 ஜிபி. ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி என்று வைத்தால் ஒரு நாளில் முப்பத்தாறு மணி நேரம் படம் பார்க்க வேண்டும். கவலையை விடுங்கள். ஆனால் சின்னக் கம்பெனிகள் சில 200, 300 ஜிபியிலேயே வேகத்தை இறக்கிவிடும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு வீட்டு சிசிடிவியை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்கும்படி அமைக்க வேண்டும், அல்லது ஆபீஸ் நெட்வொர்க்குக்கு நிலையான முகவரி வேண்டும் என்றால், ஸ்டாட்டிக் ஐபி தருவார்களா, எவ்வளவு என்று முன்பே கேளுங்கள்.

ஒயரே எட்டாத புது லேஅவுட்டுகளில் கம்பெனிகள் 5ஜி ஏர்ஃபைபர் தருகின்றன. ஜியோ 2023 செப்டம்பரில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஒயர் வரும்வரை சமாளிக்க நல்லது. ஒயர் இருக்கிற இடத்தில் ஒயரையே வாங்குங்கள்.

பிஎஸ்என்எல் என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல இடங்களில் பிஎஸ்என்எல் ஃபைபர் லைனை உங்கள் கேபிள்காரரே பங்குதாரராக இருந்து நடத்துகிறார். அவர் நல்லவராக அமைந்துவிட்டால் பெரிய தனியார் கம்பெனியைவிட அது மேல். கால் சென்டரில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிற வேலை இல்லை. நேராக வீட்டுக்கே போய், "என்னண்ணே, ரெண்டு நாளா நெட்டு இல்ல" என்று நிற்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடிந்த தெருக்களில் யார் முதலில் வந்தார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆள் தெரிந்த லைனுக்கும் ஆள் தெரியாத லைனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

அபார்ட்மென்ட் என்றால்

இங்கே கேட்கவேண்டியது செக்ரட்டரியை. சில குடியிருப்புகளில் அசோசியேஷன் ஒரே ஒரு கம்பெனியோடு பேசி வைத்திருக்கும். மற்றவர்களை ஷாஃப்ட்டுக்குள் விடமாட்டார்கள். இதை மட்டும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டால், "இதுதான் சார் இங்க ரூல்" என்ற பதில்தான் கிடைக்கும். உங்கள் வேலையே நெட்டை நம்பி இருந்தால், இரண்டு கம்பெனியாவது நுழைய முடிகிற குடியிருப்பைப் பாருங்கள். அப்போதுதான் ஒருவர் ஆட்டம் காட்டினால் இன்னொருவரிடம் போக முடியும்.

பணம் கட்டும் முன்

விலைப்பட்டியலில் இருப்பது வரி சேராத விலை. 500 என்றால் கையிலிருந்து போவது 590. ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம், இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் இதில் விழக்கூடாது. நான் விழுந்தேன். வருடச் சந்தா கட்டி நாலாவது மாதம், ஹவுஸ் ஓனர் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வருகிறான் என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இரண்டே தெரு தள்ளித்தான் போனேன். "அந்தத் தெருவுல நமக்கு ஃபீசிபிலிட்டி இல்ல சார்" என்றார்கள். மிச்ச எட்டு மாதப் பணத்துக்கு மூன்று மாதம் நடந்தேன், பாதிதான் வந்தது. செல்போன் நம்பரைக் கம்பெனி மாற்றிக் கொண்டுபோவதுபோல பிராட்பேண்டுக்கு வழி இல்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். அந்த மூன்றில் ஒரு மழைக்காலம் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகலாம்.

ரவுட்டரோடு சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள். உள்ளங்கை அகலப் பெட்டி. ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து அதற்குப் பொருத்தமாக வாங்குங்கள். கரண்ட் போன நேரத்தில் மீட்டிங் நிற்காது.

நின்றுபோனால்

ரவுட்டரில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒயர் வெளியில் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று கால் சென்டர் சொல்வதை ஒரு தடவை செய்துவிட்டு, "சிவப்பு விளக்கு மின்னுது, ஆளை அனுப்புங்க" என்று நேராகச் சொல்லுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் கொடுப்பது அவர்கள் கடமை. 'சரிசெய்தாகிவிட்டது' என்று மெசேஜ் வந்து லைன் வராமல் இருந்தால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். அதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு, பரீட்சைக்கு முந்தின நாள், பையன் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிட்டால் 1915 உடனே உதவாது. லைன்மேன் நம்பர்தான் உதவும். லைன் போட வரும் அன்றைக்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்து நம்பரை வாங்கிவிடுங்கள். வாங்கியதைப் பெயரோடும் தெருவோடும் சேர்த்துப் பதியுங்கள். என் போனில் 'கேபிள்' என்ற பெயரில் ஆறு பேர் இருக்கிறார்கள். அதில் நான் இப்போது குடியிருக்கும் தெருவுக்கு உரியவர் யார் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு முறையும் ஐந்து பேரைத் தொந்தரவு செய்கிறேன்.